டி செல்லின் நினைவும் புற்றுநோய்க் கட்டுப்பாடும்

தென்மேற்குப் பருவத்தில் குற்றால மலையிலிருந்து அருவிகளாக இறங்கும் நீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலக்கிறது. வழியிலுள்ள அணைக்கட்டுகளும் கால்வாய்களும் அந்நீரில் ஒரு பகுதியைக் குளங்களுக்குத் திருப்பாவிட்டால், அருவி எவ்வளவு ஆர்ப்பரித்தாலும் சாரல் ஓய்ந்தபின் வயலுக்கு மிஞ்சுவது ஏதுமில்லை. உடலின் நோயெதிர்ப்பிலும் இத்தகைய திருப்பம் ஒன்று உண்டு; அதைத் தீர்மானிப்பது செல்லுக்குள் பாயும் சமிக்ஞையின் அளவும் தன்மையும் ஆகும்.

டி செல் என்பது எலும்பு மஜ்ஜையில் தோன்றி, மார்பெலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவமடையும் வெள்ளணு. அதன் ஏற்பி, அதாவது குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் மேற்பரப்புப் புரதம், பகையின் அடையாளத்தைத் தொடும்போது எழும் முதல் சமிக்ஞையும், அதற்கு ஒப்புதல் அளிக்கும் துணைச் சமிக்ஞையும், சைட்டோகைன் எனும் தூதுப் புரதங்களின் சமிக்ஞையும் எம்டார் என்ற நொதியில் வந்து கூடுகின்றன. எம்டார் ஓங்கினால் செல் சர்க்கரையை விரைந்து எரித்துப் போரிட்டுச் சில வாரங்களில் மடிகிறது. தணிந்திருந்தால் கொழுப்பை எரித்து ஆற்றல் பெற்று, நெடுங்காலம் காத்திருக்கும் நினைவுச் செல்லாக மாறுகிறது.

இதைத் துலக்கிய சோதனை பெரும் வியப்பளிப்பது. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்த சுரேந்திரநாத் சேகலும் அவர் குழுவினரும் ஈஸ்டர் தீவு மண்ணின் நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த ராபமைசின், எம்டாரை அடக்குவது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காதிருக்க, எதிர்ப்பாற்றலைக் குறைப்பதற்கென்றே தரப்படுவது. ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ரஃபி அகமதின் குழு, 2009-இல் வைரஸ் தொற்றிய எலிகளுக்கு அதைக் குறைந்த அளவில் கொடுத்தபோது, நினைவுச் செல்கள் குறைவதற்கு மாறாகப் பெருகின. அவற்றின் தரமும் உயர்ந்தது. அதே ஆண்டில் எரிகா பியர்ஸும் சகாக்களும், டிராஃப்6 என்ற சமிக்ஞைப் புரதம் இல்லாத டி செல்கள் போரிட்டும் நினைவாக மாறத் தவறுவதைக் கண்டனர். நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்கு உட்கொள்ளப்படும் மெட்ஃபார்மின் அக்குறையை நீக்குவதையும், சோதனைப் புற்றுநோய்த் தடுப்பூசியின் பலனைக் கூட்டுவதையும் காட்டினர். எலிகளில் கண்ட இம்முடிவு மனிதருக்கான மருந்துச் சீட்டு அன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

புற்றுக்கட்டியோ மாதக்கணக்கில் உடலிலேயே தங்குவதால், ஓயாத சமிக்ஞையால் டி செல், மடை அடைக்கப்படாத குளம்போல வற்றி, பிடி-1 என்ற தடுப்பு ஏற்பியைச் சுமந்து களைத்துவிடுகிறது. பிடி-1-ஐத் தடுக்கும் மருந்துக்குப் பெருகி எழுபவை இக்களைத்த செல்கள் அல்ல, டிசிஎஃப்-1 புரதத்தை இழக்காத, நினைவுச் செல்லை ஒத்த சிறுபான்மையே என்பதை, நாள்பட்ட தொற்றுள்ள எலிகளில் அகமதின் குழு 2016-இல் நிறுவியது.

நோயாளியின் டி செல்களை எடுத்து, புற்றணுவை இனங்காணும் செயற்கை ஏற்பியைப் பொருத்தித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையில் இந்த அறிவு நேரடியாகப் பயன்படுகிறது. ஏற்பியின் உட்பகுதியில் சிடி28 துணைச் சமிக்ஞை அமைந்தால் செல் வேகமாகத் தாக்கி விரைவில் ஓய்கிறது. 4-1பிபி அமைந்தால் மைட்டோகாண்ட்ரியா எனும் ஆற்றல் உறுப்புகள் பெருகிச் செல் நீடிக்கிறது. 2010-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகைச் செல்களைப் பெற்ற இருவரின் இரத்தத்தில், பத்தாண்டுகளுக்குப் பின்னும் அவை காணப்பட்டன. பம்பாய் ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கி, 2023 அக்டோபரில் இந்திய ஒப்புதல் பெற்ற நெக்ஸ்கார்19 தாங்குவதும் 4-1பிபி உட்பகுதியையே. வேலூர் சி.எம்.சி. இத்தகைய செல்களைத் தன் வளாகத்திலேயே தயாரித்துச் சோதித்துள்ளது. இவையெல்லாம் இரத்தப் புற்றுநோய்களுக்கே உரியவை. கணையம், நுரையீரல் போன்ற உறுப்புகளின் திண்கட்டிகளில் இதற்கு இணையான வெற்றி இன்னும் கிட்டவில்லை என்பதால், நினைவுத் தன்மை ஆய்வகத்திலேயே செலவழிந்துவிடாதிருக்கச் செல்களை வெளியே வளர்க்கும் நாட்களைக் குறைக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன.