ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது? சிவகாசிப் பெற்றோர் பள்ளிக்குள் போய்ப் பார்க்க வேண்டியவை

கோடை விடுமுறை நெருங்கினால் சிவகாசிப் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது? தெருமுனைக்கே வேன் அனுப்பும் தனியார் பள்ளி ஒரு பக்கம். நடந்து போகும் தூரத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இன்னொரு பக்கம். நடுவில், உறவின்முறைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள். திருத்தங்கல், ஆனையூர், விஸ்வநத்தம், சித்துராஜபுரம் என்று நகரத்தோடு ஒட்டி வளர்ந்த பகுதிகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், கட்டடம் புதிதாக இருக்கிறது, யூனிஃபார்ம் அழகாக இருக்கிறது என்பதையெல்லாம் வைத்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். ஆனால், அரை நாள் ஒதுக்கிப் பள்ளிக்குள் போய், சரியான கேள்விகளைக் கேட்டால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு நடுநிலைப் பள்ளியைப் பற்றி நீங்களே ஒரு தெளிவான முடிவுக்கு வந்துவிடலாம்.

இந்த மூன்று வருடம் ஏன் முக்கியம்?

விருதுநகரில் பிறந்த காமராஜரின் பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோனது. பின்னாளில் முதலமைச்சராகி, ஊர் ஊராகப் பள்ளி திறந்து, மதிய உணவு கொடுத்தார். அவர் பிறந்த ஜூலை 15-ஐத்தான் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன.

பதினொன்றிலிருந்து பதினான்கு வயது. இந்த மண்ணில் பிள்ளைகள் பள்ளியை விட்டு வேலைக்குப் போன வயது இதுதான். தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் சிறுவர்கள் வேலை பார்த்ததைத் தடுக்க 1986-ல் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. 1996-ல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான உத்தரவு போட்டது. இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. ஆனாலும் படிப்பில் பிடிப்பு விட்டுப்போன பிள்ளைக்கு, பள்ளியை விட மனம் வரும் வயது இன்றும் இதுதான்.

பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் நம்முடையது. அந்தப் பெருமையை மட்டும் வைத்து நடுநிலை வகுப்புகளை எடைபோட முடியாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சிதான். பின்தங்கிய பிள்ளையும் ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிடும். அங்கே போன பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரியும். அதனால் மதிப்பெண் அட்டையை மட்டும் நம்பாமல், நாமே பார்க்க வேண்டியிருக்கிறது.

1. வாசிப்பைக் கேளுங்கள்

தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு ஏழாம் வகுப்பில் பத்து நிமிடம் உட்காருங்கள். கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்களா, வகுத்தல் கணக்குப் போடுகிறார்களா என்று பாருங்கள். முதல் பெஞ்ச் எந்தப் பள்ளியிலும் நன்றாகத்தான் வாசிக்கும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனியாக என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல பள்ளியில் இதற்கு உடனே பதில் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் பெயரையே சொல்வார்கள்.

2. கணக்கு ஆசிரியர் யார்?

கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். கணிதம்-அறிவியல், சமூக அறிவியல், மொழிப் பாடம் என்று மூன்று பிரிவுக்கும் குறைந்தது ஒவ்வொருவர் வேண்டும். வருடத்துக்கு 220 வேலை நாள்கள் நடக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தும், இரண்டு வகுப்பை ஒரே அறையில் சேர்த்து நடத்துவதுண்டு. அதனால் எத்தனை ஆசிரியர்கள் என்பதோடு நிறுத்தாமல், ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் யார், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். ஆங்கிலவழிப் பிரிவு இருந்தால், அதற்குத் தனி ஆசிரியர் உண்டா, தமிழ்வழிப் பிள்ளைகளோடு சேர்த்தே உட்கார வைக்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள்

பெண் குழந்தைகள் பெரிய மனுஷி ஆவது இந்த வகுப்புகளில்தான். தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, தினமும் யார் சுத்தம் செய்கிறார்கள், அரசு தரும் இலவச நாப்கின் கைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலுக்குக் குடிதண்ணீரும் முக்கியம். தண்ணீரும் கழிப்பறையும் சரியில்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் மாதத்துக்குச் சில நாள் லீவு போடுவார்கள். பாடம் விட்டுப்போவதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

4. எட்டுக்குப் பிறகு எங்கே?

நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது. அதாவது பதினான்கு வயதில் பிள்ளை மறுபடியும் பள்ளி மாற வேண்டும். போன வருடம் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் எந்தெந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தார்கள், யாராவது விட்டுப்போனார்களா என்று கேளுங்கள். அடுத்த உயர்நிலைப் பள்ளி எவ்வளவு தூரம், பஸ் உண்டா என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். ஆறாம் வகுப்பிலேயே சேர்த்துக்கொள்ளும் அரசு உயர்நிலைப் பள்ளி அருகில் இருந்தால் அதையும் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு. இதில் தேர்வானால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்தத் தேர்வுக்கு எத்தனை பேரைத் தயார் செய்கிறார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்று கேட்டால், அந்தப் பள்ளி பிள்ளைகள்மேல் காட்டும் அக்கறை தெரிந்துவிடும்.

5. அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா?

விருதுநகர் சத்திரிய வித்யாசாலா 1889-லேயே தொடங்கிய பள்ளி. இப்படிச் சமூகத்தார் சேர்ந்து நடத்தும் பள்ளிகளுக்கு நம் மாவட்டத்தில் நல்ல பெயர் உண்டு. ஆனால் சலுகை என்று வரும்போது அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் ஒன்றல்ல. பல பெற்றோருக்கு இது பிளஸ் டூ முடித்த பிறகுதான் தெரிகிறது.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே அது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. உதவி பெறும் பள்ளி இதில் சேராது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. அவற்றில் மட்டும், உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் இப்போது எடுக்கும் முடிவு ஏழு வருடம் கழித்துக் கல்லூரி வாசலில் பேசும்.

6. உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவருமா?

விடிந்ததும் ஆலை வேனில் ஏறும் அம்மாக்கள் இங்கே ஏராளம். காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போகும் என்பதை இப்போதே திட்டமிடுங்கள். பள்ளி விட்ட பிறகு நீங்கள் வீடு திரும்பும் வரை பிள்ளை எங்கே இருக்கும்? மாலையில் சிறப்பு வகுப்போ விளையாட்டோ நடத்தும் பள்ளி, இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பெரிய துணை. தீபாவளி சீசனில் ஓவர்டைம் கூடும் மாதங்களில் பிள்ளைகள் வருகை குறைகிறதா, வராத பிள்ளையின் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து போன் வருமா என்றும் கேளுங்கள். சீசன் நேரத்தில்கூடப் பிள்ளையை வெடி வேலைக்குப் பக்கத்தில் விடக் கூடாது. பட்டாசு ஆலை விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை, உயர்கல்வி வரை அரசே ஏற்கும் என்று 2024-ல் தமிழக அரசு அறிவித்தது. அப்படி ஒரு குடும்பம் உங்களுக்குத் தெரிந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

குறை இருந்தால் விலகுவதா?

எல்லாம் சரியாக இருக்கும் பள்ளி எங்கேயும் கிடையாது. பெற்றோர் முயன்றால் சரியாகும் குறை எது, சரியாகாத குறை எது என்று பிரித்துப் பாருங்கள். தண்ணீர்க் குழாய், மின்விசிறி, கழிப்பறைத் தாழ்ப்பாள், சுற்றுச்சுவர் எல்லாம் முதல் வகை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிக்குப் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கடைசிக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பேசிய விஷயம் நடந்திருந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால், நீங்களே அந்தக் குழுவுக்குள் போக வேண்டிய நேரம் அது. கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் குறைகளைச் சொல்லலாம்.

கணக்குக்கு ஆசிரியரே இல்லாமல் வருடக்கணக்கில் ஓடும் பள்ளி இரண்டாவது வகை. அங்கே பாசத்துக்காகவோ பக்கம் என்பதற்காகவோ சேர்க்க வேண்டாம். அடுத்த அரசுப் பள்ளியைப் பாருங்கள். ஆசிரியர்கள் இருந்து, கடைசி பெஞ்சும் வாசிக்கிற பள்ளி என்றால், சுவரில் பெயின்ட் உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை. வேனுக்கும் டொனேஷனுக்கும் கட்டும் பணம் மிச்சம். அதைப் பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு இப்போதே சேர்த்து வைக்கத் தொடங்குங்கள்.