பழைய டெஸ்க்டாப்பை தூக்கிப் போடணுமா, பார்ட்ஸ் மாற்றினால் போதுமா? ரிச்சி தெருவுக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களிடம் ஏழெட்டு வருஷமாக ஓடும் அசெம்பிள்டு கம்ப்யூட்டர்கள் உண்டு. அவர்களின் கேள்வி இதுதான்: புதுசு வாங்கணுமா, பார்ட்ஸ் போதுமா?

பல நேரங்களில் பார்ட்ஸே போதும். ஆனால், எது ஸ்லோ என்று கண்டுபிடித்த பிறகுதான் பர்ஸைத் திறக்கணும்.

எது இழுக்கிறது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே அதைக் கவனியுங்கள்.

* ரேம் 90 சதவீதத்தைத் தாண்டினால் 8 ஜிபியை 16 ஆக்கலாம். ஒரே ஸ்டிக்காக வாங்குவதைவிட 8 ஜிபி ஸ்டிக் இரண்டு போடுவது வேகம் தரும்.

* ரேமில் இடமிருந்தும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், ஹார்டு டிஸ்க்தான் வில்லன். அது வினாடிக்கு சுமார் 150 எம்பி படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500 எம்பியைத் தாண்டும்.

* பிராசஸர் 100 சதவீதத்தில் திணறினால், கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் பயனில்லை.

மதர்போர்டு என்ன சொல்கிறது?

இன்டெல் 7-ம் தலைமுறை போர்டில் 8-ம் தலைமுறை பிராசஸர் வேலை செய்யாது. விண்டோஸ் 11 கேட்பதோ பொதுவாக 8-ம் தலைமுறைக்கு மேல்.

ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு லக். 2018-ல் வந்த பி450 போர்டில் பயாஸ் அப்டேட் செய்தால் ரைசன் 5 1600-ஐ எடுத்துவிட்டு 5600 போட்டுவிடலாம். விண்டோஸ் 11-ம் ஓடும். டிபிஎம் 2.0 இல்லை என்று வந்தால் பயாஸில் ஆஃப் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட், ரைசன் 5600 பிராசஸர் 65 வாட். கூட்டினால் 180-தான். ஆனாலும் என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் பழுதானால் போர்டையும் சேர்த்துக் காலி செய்யலாம். கரன்ட் போய்ப் போய் வரும் ஏரியா என்றால் யுபிஎஸ்ஸையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

ரிச்சி தெருவில்...

புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து, மெட்ரோவில் ஒரே ஸ்டாப்பில் அரசினர் தோட்டம் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். போர்டின் மாடல் பெயரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ரேம் நுழையாது.

ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியில் ரேம் விலை எகிறியது. அதனால் இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். 'பில் வேணாம்னா கம்மி பண்ணித் தர்றேன்' என்றால் மிச்சமாவது 18 சதவீத ஜிஎஸ்டி, போவது வாரன்டி. சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள்.

புதுசு எப்போது?

போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்ற வேண்டிய நிலை வந்தால் அது கிட்டத்தட்ட புது கம்ப்யூட்டர்தான். அப்போதும் மானிட்டர், கீபோர்டு, கேபினெட், நல்ல நிலையில் உள்ள எஸ்எஸ்டி நான்கையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.