பில் கொடுத்த கடைக்குப் பொறுப்பு இல்லையா?

வாங்கியவர் பக்கம் – 11

பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே, தக்கலையில் தாலுகா அலுவலகத்தையும் கோர்ட்டையும் நம்பிப் பிழைக்கிற டி.டி.பி. கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், அவ்வளவுதான் முதலீடு. மனு அடிப்பது, பட்டாவுக்கு விண்ணப்பிப்பது, பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் படிவம் ஏற்றுவது என்று நாள் முழுக்க அந்த ஒரே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அது படுத்துவிட்டால் அன்றைய வருமானமும் படுத்துவிடும்.

அப்படி ஒரு கடை நடத்தும் பெண், பக்கத்து டவுனில் சொல்லிச் செய்து வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் ஏழாவது மாதத்தில் உயிர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போர்டு போய்விட்டது. மூன்று வருட வாரன்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் என்ன பேச்சு நடக்கும்?

“அண்ணே, ஒரு வருஷம்கூட ஆகல்லியே?”

“நாங்க வித்ததோட சரி அக்கா. வாரன்டி கம்பெனி குடுக்கது. நீங்க சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க.”

சர்வீஸ் சென்டர் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ இருக்கும். அங்கே போர்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் தலைமுடி அளவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள். அவற்றில் ஒன்று சாய்ந்திருந்தால் போதும், “கஸ்டமர் டேமேஜ், வாரன்டி கிடையாது” என்று எழுதிவிடுவார்கள். பச்சை பூத்திருந்தால் ஈரம் என்பார்கள், கறுத்திருந்தால் வோல்டேஜ் என்பார்கள். இரண்டு பருவமழையும் இடியும் கூடிய குமரி மாவட்டத்தில் இந்த இரண்டு காரணங்களுக்கும் பஞ்சமே இல்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்தப் பெண் கேபினட்டைத் திறந்ததே இல்லை. பிராசஸரைச் சாக்கெட்டில் பொருத்தியது கடைக்காரரின் கை. ஊசி சாய்ந்திருந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்?

இதற்குச் சட்டத்தில் நேரான பதில் இருக்கிறது. 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ‘உற்பத்தியாளர்’ யார் என்று சொல்லும்போது, பிறர் தயாரித்த பாகங்களை ஒன்றுசேர்த்துப் பொருளாக்குபவரையும் அதில் சேர்க்கிறது. போர்டு ஒரு கம்பெனி, ரேம் ஒரு கம்பெனி, எஸ்.எம்.பி.எஸ். இன்னொரு கம்பெனி என்று வாங்கி, ஒரு பெட்டிக்குள் பூட்டி, முழுக் கம்ப்யூட்டராக விற்கிற கடை வெறும் விற்பனையாளர் அல்ல. “நான் விற்றவன் மட்டும்தான்” என்று அவர் ஒதுங்கிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

தனிப் பாகமாக ஒரு ஹார்டு டிஸ்க்கோ கிராபிக்ஸ் கார்டோ வாங்கினால்? அப்போதும் கடைக்காரர் கைகழுவ முடியாது. 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ஒரு வகைப் பொருளை வியாபாரம் செய்பவர் விற்கும் சரக்கு விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பதை, பில்லில் எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தின் பகுதியாகவே கொள்கிறது. பழுதான பொருளால் உடலுக்கோ மற்ற உடைமைக்கோ சேதம் வந்தால், 2019 சட்டத்தின் 86-ஆம் பிரிவு விற்பனையாளரைத் தனியாகவே பிடிக்கிறது. கம்பெனி தராத வாரன்டியைத் தானாகச் சொல்லி விற்றிருந்தால், தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், பொருத்துவதிலோ சோதிப்பதிலோ கவனக்குறைவாக இருந்தால், பொறுப்பு விற்றவர் தலையில்தான். “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது” என்று பில்லில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. பழுதான பொருளை, பில்லில் கண்ட காலத்துக்குள், காலம் எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது அதே 2019 சட்டம். பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படித்தான்.

கடைக்காரரின் கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். மேலே இருக்கும் கம்பெனி கைவிட்டால் சிறிய கடைக்காரரும் சேர்ந்துதான் மாட்டிக்கொள்கிறார். 2016 ஏப்ரல் 25 முதல் 2024 வரை இன்டெல் நிறுவனம் இந்தியாவுக்கென்று தனி விதி வைத்திருந்தது. பெட்டியில் விற்கும் பிராசஸர்களுக்கு, இந்தியாவில் உள்ள அதன் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் வழியாக வந்திருந்தால்தான் இங்கே வாரன்டி என்றிருந்தது. வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் இறக்குமதியானால், அசல் சரக்காகவே இருந்தாலும், வாங்கிய நாட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. மேட்ரிக்ஸ் இன்ஃபோ சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் இதை இந்தியப் போட்டி ஆணையத்துக்குக் கொண்டுபோனது. 2019 ஆகஸ்ட்டில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதை எதிர்த்து இன்டெல் கர்நாடக உயர் நீதிமன்றம் வரை போனது. தக்கலையில் பிராசஸர் வாங்குபவருக்கு அது எந்தக் கப்பலில், யார் கைமாறி வந்தது என்று எப்படித் தெரிந்திருக்கும்? தெரிந்தவர் கடைக்காரர். தெரிந்தும் சொல்லாமல் விற்றிருந்தால் அந்தச் சுமை அவருடையதுதான்.

கேட்டால் பெரிய கம்பெனியும் இறங்கி வரும் என்பதற்கும் அதே இன்டெல்தான் சாட்சி. 1994-ல் பென்டியம் பிராசஸர் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுவதை அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். உங்கள் வேலைக்கு இது இடைஞ்சல் என்று காட்டினால் மாற்றித் தருகிறோம் என்றது கம்பெனி. வாங்கியவர்கள் விடவில்லை. டிசம்பர் 20 அன்று, கேட்கிற எல்லோருக்கும் மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். அதற்கு ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர். 2024-ல் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் அதிக வோல்டேஜால் நிலைகுலைந்தபோதும், வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தார்கள்.

நம்மூரில் பலர் கேட்காமல் விடுவதற்கு மூன்று பயங்கள் காரணம்.

முதல் பயம், “கடைக்கு வாங்கினது, வியாபாரக் கணக்கில் போய்விடும், நுகர்வோர் என்று வழக்குப் போட முடியாது” என்பது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக, தானே இயக்க வாங்கிய டைப்ரைட்டர் என்றால் வாங்கியவர் நுகர்வோர்தான். டைப்ரைட்டர் இருந்த மேஜையில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது, “கடை கேரளத்தில் இருக்கிறது” என்பது. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் சாமான் வாங்குவது இந்தப் பக்கத்து வழக்கம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் ஊருக்கோ பிரச்சினை எழுந்த ஊருக்கோ போக வேண்டியிருந்தது. புதிய சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பத்மநாபபுரத்துக்காரருக்கு நாகர்கோவில் போதும்.

மூன்றாவது, செலவு. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் தவறவிடாதீர்கள். பழுது யாரால் வந்தது என்பதில் தகராறு என்றால், பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்தின் உத்தரவை மீறினால் சிறைத்தண்டனை வரை போகும்.

இனி கம்ப்யூட்டர் வாங்கும்போது செய்ய வேண்டியவை. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் வாரன்டிக் காலமும் எழுதிய ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் வெளிறிவிடும், அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். பிராசஸரைப் பொருத்துமுன் சாக்கெட்டையும் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பழுதானால் பொருளைக் கொடுக்கும்போது தேதியுடன் ஜாப் ஷீட் வாங்குங்கள். வாரன்டி இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு கடைக்கும் கம்பெனிக்கும் சேர்த்தே நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அங்கே தீராவிட்டால் ஆணையம் இருக்கிறது; வழக்கில் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள்.

கம்பெனியிடம் தன் பணத்தை வாங்கிக்கொள்ளக் கடைக்காரருக்கு வழி உண்டு. அதுவரை வாங்கியவரை அலையவிட அவருக்கு உரிமை கிடையாது. உங்கள் பணத்தை வாங்கியவர் யாரோ, முதல் பதிலை அவரிடமே கேளுங்கள்.

(அடுத்த வாரம்: ஆன்லைனில் வாங்கிய பொருள் பழுதானால்)