வராத டைலை எண்ணுங்கள்: மூன்று கார்கசோன் புதிர்கள்

போர்டு கேம் பற்றிப் பேசினாலே எனக்கு ஒரு கேள்வி வந்துவிடும். "பைக்குள்ள கையை விட்டு எடுக்கிற விளையாட்டுல யோசிக்க என்னப்பா இருக்கு? நல்ல டைல் வந்தா ஜெயிப்போம், வரலைன்னா தோப்போம். அவ்ளோதானே?"

அவ்வளவுதான் இல்லை. இந்த எபிசோடில் மூன்று புதிர்களை வைத்து அதைக் காட்டுகிறேன். கேட்டுக்கொண்டே போகலாம், ஆனால் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒவ்வொரு புதிர் முடிந்ததும் பாஸ் செய்து யோசித்துவிட்டு வாருங்கள்.

விளையாட்டின் பெயர் கார்கசோன். ஜெர்மனியைச் சேர்ந்த க்ளவுஸ்-யுர்கன் வ்ரெடே வடிவமைத்து 2000-ல் வெளிவந்தது. அடுத்த வருடமே, 2001-ல், ஜெர்மனியின் பெரிய போர்டு கேம் விருதான 'ஸ்பீல் டெஸ் யாரெஸ்' கிடைத்தது. பெயர் தெற்கு பிரான்சில் இருக்கும் ஒரு கோட்டை நகரத்தின் பெயர். 

ஆடத் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிஷம். மொத்தம் 72 சதுர டைல்கள். ஒவ்வொரு ஓரத்திலும் நகரம், சாலை, வயல் இந்த மூன்றில் ஒன்று இருக்கும். உங்கள் முறை வரும்போது ஒரு டைலை எடுத்து, ஏற்கனவே மேஜையில் இருப்பதோடு ஓரம் பொருந்துகிற மாதிரி வைக்க வேண்டும். நகரத்துக்கு நகரம், சாலைக்குச் சாலை, வயலுக்கு வயல். வைத்த டைல் மேல் உங்கள் ஆளை, அதாவது மீப்பிளை, நிறுத்தலாம். கையில் இருப்பது 7 மீப்பிள்தான். நகரமோ சாலையோ மடாலயமோ முடிந்தால்தான் ஆள் கைக்குத் திரும்பி வரும்.

மதிப்பெண்ணில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். நகரம் முடிந்தால் டைலுக்கு 2, கேடயம் இருந்தால் அதற்கு இன்னும் 2. ஆட்டம் முடியும்போது அது முடியாமல் கிடந்தால் எல்லாம் பாதி. சாலைக்கு முடிந்தாலும் முடியாவிட்டாலும் டைலுக்கு 1. அதாவது சாலையை முடிப்பதால் மதிப்பெண் கூடாது, ஆள்தான் திரும்பி வருவார். இது மூன்றாவது புதிரில் தேவைப்படும்.

இன்றைக்கு வரும் பெட்டிகளில் நதி டைல்களும் சேர்ந்தே வரும். நான் இங்கே அடிப்படை 72-ஐ மட்டும் கணக்கில் எடுக்கிறேன். ஆட்டமும் இருவர் ஆட்டம்தான்.

புதிர் 1: செத்த கட்டம் எது?

மேஜையில் நான்கு பக்கமும் டைல்கள் சூழ்ந்த ஒரு காலிக் கட்டம் இருக்கிறது. கீழே ஐந்து மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் 72-ல் எத்தனை டைல் பொருந்தும்?

அ) நான்கு பக்கமும் நகரம்.
ஆ) நான்கு பக்கமும் சாலை.
இ) நான்கு பக்கமும் வயல்.
ஈ) வடக்கும் தெற்கும் நகரம், கிழக்கும் மேற்கும் சாலை.
உ) ஒரு பக்கம் நகரம், ஒரு பக்கம் சாலை, மீதி இரண்டும் வயல்.

பாஸ் போட்டாச்சா? விடைக்கு வருவோம்.

நான்கு பக்கமும் நகரம் என்றால் ஒரே ஒரு டைல்தான். நான்கு சாலையும் அப்படியே, ஒன்றே ஒன்று. நான்கு பக்கமும் வயல் என்றால் 4. நான்குமே நடுவில் மடாலயம் இருக்கும் டைல்கள். வெறும் புல்வெளி டைல் என்று ஒன்று இந்தப் பெட்டியில் கிடையாது.

ஈ-யும் உ-வும்தான் விஷயமே. இரண்டுக்கும் விடை பூஜ்ஜியம். பார்க்க ரொம்பச் சாதாரணமான கட்டங்கள். 'எப்படியும் ஏதாவது ஒண்ணு வரும்' என்று தோன்றும். ஆனால் நகரத்தை நடுவில் பிளந்துகொண்டு சாலை குறுக்கே போகிற டைல் இந்த 72-ல் இல்லை. நகரத்தோடு ஒற்றைச் சாலையும் இரண்டு வயலும் சேர்ந்த டைலும் இல்லை. அந்தக் கட்டத்தை நம்பி ஒரு நகரத்தில் ஆள் நிற்கிறார் என்றால், ஆட்டம் முடியும்வரை அவர் அங்கேயேதான். ஏழு பேரில் ஒருவர் போயாச்சு.

இதில் ரகசியம் ஏதும் இல்லை. எந்த டைல் எத்தனை என்று ரூல் புத்தகத்திலேயே படத்தோடு போட்டிருப்பார்கள். டேட்டா கையில் இருக்கிறது, நாம் பார்ப்பதில்லை.

புதிர் 2: நாற்பதா, பன்னிரண்டா?

உங்கள் நகரம் முடிய ஒரே ஒரு குறிப்பிட்ட டைல் வேண்டும். அது இன்னும் பைக்குள் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எதிராளி எடுத்தால் நிச்சயமாக உங்களுக்கு உதவ மாட்டார், வேறு எங்காவது வைத்துவிடுவார். பையில் 40 டைல் மீதி இருக்கும்போது அது உங்கள் கைக்கு வரும் வாய்ப்பு அதிகமா, 12 மீதி இருக்கும்போது அதிகமா?

நிறையப் பேர் 40 என்பார்கள், "இன்னும் நேரம் இருக்கே" என்று. சிலர் 12 என்பார்கள், "பை சின்னதாயிடுச்சே" என்று. இரண்டுமே இல்லை. இரண்டிலும் சரிபாதி, 50%. நாற்பதில் 20 உங்களுக்கு, 20 அவருக்கு. பன்னிரண்டில் 6 உங்களுக்கு, 6 அவருக்கு. அந்த ஒரு டைல் யார் பங்கில் விழும் என்பது காசு சுண்டிப் பார்ப்பதுதான்.

வாய்ப்பு ஒன்றுதான், விலைதான் வேறு. 40 மீதி இருக்கும்போது காத்திருந்தால் உங்கள் ஆள் பத்து இருபது முறை சும்மா நிற்க வேண்டி வரலாம். அந்த நேரத்தில் அவர் வேறு இரண்டு சாலை, ஒரு சின்ன நகரம் என்று சம்பாதித்திருப்பார். 12 மீதி இருக்கும்போது அதே சூதாட்டம் மலிவு. ஆகவே 'வருமா?' என்ற கேள்வி மட்டும் போதாது. 'வரும்வரை என்ன இழப்பேன்?' என்றும் கேட்க வேண்டும்.

இதே கணக்கை நீட்டுங்கள். 12 மீதி, உங்களுக்கு 6 முறை. தேவையான டைல் ஒன்று இருந்தால் 50%. இரண்டு இருந்தால் 100% ஆகிவிடாது, சுமார் 77%. மூன்று இருந்தால் 91%. ஒவ்வொரு கூடுதல் டைலும் முந்தையதைவிடக் குறைவாகவே கூட்டுகிறது. 50, 77, 91. இந்த மூன்று எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த புதிருக்கு வேண்டும்.

புதிர் 3: தடுப்பதா, முடிப்பதா?

இப்போது பேப்பரில் ஒரு காலிக் கட்டம் வரையுங்கள். வடக்கில் எதிராளியின் நகரம். 7 டைல், 2 கேடயம், திறந்திருப்பது இந்த ஒரு ஓரம்தான். கிழக்கில் ஏற்கனவே ஒரு டைல் இருக்கிறது, அது இந்தக் கட்டத்துக்கு வயலைக் காட்டுகிறது. தெற்கும் மேற்கும் காலி.

நீங்கள் எடுத்தது ஒரு வளைவுச் சாலை டைல். அதை வைத்தபின் பையில் 12 மீதி. எதிராளிக்கு 6 முறை. அந்தக் கட்டத்தை அடைத்து அவர் நகரத்தை முடிக்கக்கூடிய டைல்கள் அந்த 12-ல் மூன்றே மூன்று. ஒரு பக்கம் நகரமும் மூன்று பக்கம் வயலுமாக 2. வடக்கில் நகரம், தெற்கிலிருந்து மேற்குக்குத் திரும்பும் சாலை என்று 1. பொருந்தக்கூடிய மற்றதெல்லாம் மேஜைக்கு வந்துவிட்டது.

உங்களுக்கு மூன்று வழி:

க) வேறொரு இடத்தில் உங்கள் சாலையை இந்த வளைவால் முடிப்பது. 1 மதிப்பெண் கூடும், ஒரு ஆள் கைக்கு வருவார்.
ங) காலிக் கட்டத்துக்குத் தெற்கே வைத்து, வயல் ஓரத்தை அதன் பக்கம் திருப்புவது.
ச) அதே இடத்தில், சாலை ஓரத்தை அதன் பக்கம் திருப்புவது.

எது? நிதானமாக யோசியுங்கள்.

முதலில் பந்தயம் எவ்வளவு என்று பார்ப்போம். நகரம் முடிந்தால் 8 டைலுக்கு 16, கேடயத்துக்கு 4, மொத்தம் 20. முடியாவிட்டால் 7 கூட்டல் 2, வெறும் 9. ஆக இந்தக் கட்டத்தின் விலை 11 மதிப்பெண்.

நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் மூன்று டைல் அவருக்கு உதவும்: 91%. வயலைத் திருப்பினால் சாலை வளைவு டைல் பொருந்தாது, மற்ற இரண்டும் பொருந்தும்: 77%. சாலையைத் திருப்பினால் அந்த இரண்டும் அவுட். ஒன்றே ஒன்று மிச்சம்: 50%.

வாய்ப்புக் குறைவை 11-ஆல் பெருக்குங்கள். வயலால் தடுத்தால் சராசரியாக அவருக்கு 1.5 நஷ்டம். சாலையால் தடுத்தால் 4.5 நஷ்டம். அதே டைல், அதே இடம், திருப்பி வைத்த விதம் மட்டும் மாறியது. விளைவு மூன்று மடங்கு.

இன்னொன்றும் உண்டு. சாலை தெற்கில் வந்துவிட்டால், அந்தக் கட்டத்துக்கு மேற்கிலும் சாலைதான் வந்தாக வேண்டும். அடுத்த முறை மேற்கில் வைக்க வாகு கிடைத்து, நீங்கள் வயலோ நகரமோ காட்டிவிட்டால் கட்டம் முழுசாகச் செத்துவிடும். முதல் புதிரின் உ-வை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: ஒரு நகரம், ஒரு சாலை, இரண்டு வயல்.

அப்படியானால் விடை ச-தானே? பெரும்பாலும் ஆமாம். ஆனால் ஒரு கேள்வி பாக்கி: உங்கள் கையில் எத்தனை மீப்பிள்? ஒன்றிரண்டு இருந்தால் யோசிக்காமல் ச. ஒன்றுகூட இல்லையென்றால் கணக்கு நெருங்கிவிடும். அப்போது க கொடுப்பது 1 மதிப்பெண் மட்டும் இல்லை, மீதி 6 முறைக்கும் ஒரு வேலையாள். அவர் 4 மதிப்பெண் கொண்டுவருவார் என்று உங்கள் மேஜை சொன்னால், சாலையை முடிப்பதே சரி.

இந்த வகைப் புதிரில் எனக்குப் பிடித்தது இதுதான். விடை மேஜையில் மட்டும் இல்லை, உங்கள் கையிலும் பைக்குள்ளும் இருக்கிறது. மூன்றையும் பார்த்தால்தான் முடிவு.

சரி, அப்ப லக்?

ச-வை எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முறையே எதிராளி பைக்குள் கைவிட்டு அந்த ஒரே டைலை எடுத்து வைத்து, 20 மதிப்பெண் வாங்கி, சிரிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் சொல்வார், "தடுத்து என்ன பிரயோஜனம்? பேசாம உன் சாலையை முடிச்சிருக்கலாம்."

இல்லை. நீங்கள் எடுத்த முடிவு அப்போதும் சரி, இப்போதும் சரி. வந்த டைல் அதை மாற்றாது. பாதிக்குப் பாதி வாய்ப்பில் மறுபக்கம் விழுந்தது, அவ்வளவுதான்.

முழு ஆட்டத்தில் இதைக் கற்றுக்கொள்வது கஷ்டம். ஜெயித்தால் எல்லா முடிவும் சரி மாதிரித் தெரியும், தோற்றால் எல்லாம் தப்பு மாதிரித் தெரியும். புதிரில் அந்த வசதி கிடையாது. அடுத்த டைல் என்ன என்று அங்கே யாரும் சொல்வதில்லை. முடிவு மட்டும்தான் மேஜையில். அதை மட்டும் வைத்து உங்களை நீங்களே எடைபோட வேண்டும்.

வேலையிலும் இதையே பார்க்கிறேன். டெஸ்ட் ஓட்டாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் போட்டு, ஒன்றும் உடையவில்லை என்றால் அது நல்ல முடிவு ஆகிவிடாது. தப்பித்தோம், அவ்வளவுதான். எல்லாம் சரிபார்த்துப் போட்டும் ஏதோ ஒன்று விழுந்தால், சரிபார்த்தது வீண் என்றும் ஆகாது. விளைவை வைத்தே முடிவுக்கு மார்க் போட்டால், நாம் கற்றுக்கொள்வது முழுக்க அதிர்ஷ்டத்திடமிருந்துதான்.

72-யும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டுவிடுவார். அபூர்வமானவை போதும். நான்கு நகரம் 1, நான்கு சாலை 1, மடாலயம் 6 (அதில் 2-க்குச் சாலை உண்டு). நகரத்தோடு வளைவுச் சாலை இடப்பக்கம் திரும்புவது 3, வலப்பக்கம் 3. கடைசி இரண்டும் கண்ணாடிப் பிம்பம், எப்படிச் சுற்றினாலும் ஒன்று மற்றதாகாது. இவை எத்தனை வந்துவிட்டன என்று மட்டும் கண் வைத்திருங்கள்.

போவதற்கு முன் ஒரு குட்டிப் புதிர். வடக்கும் மேற்கும் நகரம், தெற்கு சாலை, கிழக்கு காலி. 72-ல் எத்தனை பொருந்தும்? நகரமும் சாலையும் ஆளுக்கு இரண்டு பக்கம் எடுத்துக்கொண்ட டைல் 5, மூன்று பக்கம் நகரமும் ஒரு சாலையும் இருப்பது 3. மொத்தம் 8. இப்போது கிழக்கில் யாராவது ஒரு வயலைக் கொண்டுவந்து வைத்தால்?

பூஜ்ஜியம். எட்டிலிருந்து பூஜ்ஜியத்துக்கு ஒரே டைல். அடுத்த ஆட்டத்தில் அந்த டைலை வைப்பது நீங்களாக இருங்கள்.