தரையை விட்டு எழாத விமானம்

விமானிப் பணிக்கான நேர்முகத் தேர்வில், வினாக்களுக்கெல்லாம் தயங்காது விடையளித்த இளைஞரையும் கலங்கச் செய்வது 'சிமுலேட்டர்' என்னும் அறையாகும். விமானி அமரும் முன்னறையைப் போன்றே அமைந்து, தரையை விட்டு எழாமலே பறக்கும் உணர்வைத் தரும் இயந்திரம் அது. இதன் முன்னோடியை 1929இல் அமெரிக்காவில் உருவாக்கிய எட்வின் லிங்க், பியானோவும் ஆர்கனும் செய்த தொழிற்சாலை உரிமையாளரின் மகன். ஆர்கனின் துருத்திகளைக் கொண்டே தம் பயிற்சிப் பெட்டியை அசையச் செய்தார். துருத்தி மிதித்து ஆர்மோனியம் வாசித்த நம் ஆலயப் பாடகர்கள் இதைக் கேட்டுப் புன்னகை புரிவர்!

நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கடன் பட்டு, நகை விற்று அதனை முடித்த பிள்ளையின் வருங்காலம், அவ்வறையில் கழியும் சிறு பொழுதைச் சார்ந்துவிடுகிறது. பெற்றோருக்கு உறக்கம் ஏது?

சிறு விமானத்தில் பழகியவரைப் பெரிய ஜெட் விமானத்தின் சிமுலேட்டரில் அமர்த்துவதும் உண்டு. அது அவருக்குப் புதிது என்பதைத் தேர்வாளர் அறிவார். உயரமோ வேகமோ சற்றே பிசகினால், அதை உடனே கண்டாரா, பதறாமல் திருத்தினாரா என்றே நோக்குவார். ஏறும்போதும் இறங்கும்போதும் விமானத்தின் மூக்கு எத்தனை பாகையில் நிற்க வேண்டும், எஞ்சினுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்னும் எண்களை முன்னரே மனப்பாடம் செய்தவர் தடுமாறுவது அரிது. 45 பாகை சாய்ந்து உயரம் மாறாமல் திரும்பும்போது விமானத்தின் பாரம் ஏறத்தாழ 1.4 மடங்காகிறது, மூக்கைச் சிறிது உயர்த்தாவிடில் உயரம் இழப்பது உறுதி.

கைத்திறன் மட்டும் போதாது. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரருகே, சக்கரங்களைப் பற்றிய கவலையில் ஆழ்ந்த தலைமை விமானி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டார். எரிபொருள் குறைவதைப் பற்றிய கவலையை உடனிருந்தோர் அவர் மனத்தில் பதியுமாறு எடுத்துரைக்கவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் வீழ்ந்தது. 189 பேரில் 10 பேர் மாண்டனர். விமானியர் ஒருவரோடொருவர் பேசவும் செவிமடுக்கவும் முறையாகப் பயிற்றப்படுவதற்கு இவ்விபத்து ஒரு பெருங்காரணமாயிற்று.

ஆகவே தேர்வில் இருவரை இணைத்து அமர்த்துவர். அருகில் இருப்பவர் அதே வேலைக்குப் போட்டியிடுபவராகவும் இருக்கலாம். எனினும், "உயரம் குறைகிறது" என்று தக்க நேரத்தில் அவருக்குச் சொல்பவரையே தேர்வாளர் விரும்புவார் என்பது நம் துணிபு. இதைப் பழக வீட்டில் இரண்டு நாற்காலிகள் போதும். எதிர்ச் சுவரில் விமானி அறையின் படத்தை ஒட்டி, ஒவ்வொரு செயலையும் வாய்விட்டுச் சொல்லட்டும். பக்கத்து நாற்காலியில் தங்கை அமர்ந்து உயரத்தை வாசிக்கட்டும்.