தூங்கும் பம்பரமும் பறக்கும் பறவையும்

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் வந்து கிருஷ்ணன்கோவிலில் இறங்கினால் மேற்கே மலை தெரியும். வத்திராயிருப்புக்கு ரோடு பிரிகிற இடம் அது. அங்கே பஸ்ஸுக்கு நிற்கிற பையன்களின் கட்டைவிரல்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று அழுத்தும், ஒன்று விடும். போனுக்குள் ஒரு சின்னச் சிவப்பு ஜீப் மேடேறிக்கொண்டிருக்கும். பின்லாந்தின் ஃபிங்கர்சாஃப்ட் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட 'ஹில் கிளைம்ப் ரேசிங்' அது. மேட்டு முனையில் ஜீப் காற்றில் எழும்போது கேஸ் கொடுத்தால் மூக்கு தூக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு இறங்கும். சக்கரம் ஒரு பக்கம் வேகமெடுத்துச் சுற்ற, வண்டியின் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. கோண உந்தம் என்று பாடப்புத்தகம் சொல்வதை அந்தக் கட்டைவிரல் முன்னாலேயே கற்றுக்கொண்டுவிட்டது.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் அந்த வயதுப் பையன் ஓட்டியது நுங்கு வண்டி. நுங்கு தின்று மிஞ்சிய காய் இரண்டு, நடுவே ஒரு குச்சி, தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு. இரண்டு காயும் ஒரே அளவாக இல்லாவிட்டால் வண்டி நேரே போகாது. பெரிய காய் அதிக தூரம் உருளும், சின்னக் காய் பின்தங்கும், வண்டி சின்னக் காயின் பக்கமே வளைந்துகொண்டு போகும். அதனால் நுங்கு வெட்டுபவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஜோடிக்காய் வாங்குவோம். காரணம் யாரும் சொல்லித் தரவில்லை. வாய்க்காலில் நாலு தடவை விழுந்தால் தானே தெரிந்துவிடும்.

பம்பரம் இதைவிடப் பெரிய வாத்தியார். சாட்டையைச் சுற்றி வீசி இழுத்தால், நல்ல பம்பரம் தரையில் நின்ற இடத்திலேயே நிற்கும். சுற்றுவதே தெரியாது, லேசாக ஓர் இரைச்சல் மட்டும் வரும். 'தூங்குது' என்போம். வேகம் குறையக் குறையத் தலை மெல்ல வட்டம் போட ஆரம்பிக்கும், அதற்குப் பிறகுதான் சாயும். சாய்கிற பொருள் உடனே விழாமல் ஏன் வட்டம் போடுகிறது என்பது இயற்பியலின் மிக அழகான கேள்விகளில் ஒன்று. கம்ப்யூட்டருக்கும் இது லேசில் பிடிபடவில்லை. விளையாட்டுகளுக்குள் பொருட்களை நகர்த்தும் மென்பொருளை பிசிக்ஸ் எஞ்சின் என்பார்கள். பல எஞ்சின்கள் இந்தச் சுழல் விளைவைக் கணக்கில் சேர்க்காமலே விட்டிருந்தன. எளிய முறையில் சேர்த்தால் கணக்கில் பிழை பெருகி, திரையிலுள்ள பொருள் பைத்தியம் பிடித்ததுபோல் சுழன்று பறந்துவிடும். இதை அடக்கும் வழியை 2015-ல் விளையாட்டு நிரலாளர் மாநாட்டில் விளக்கியவர் எரின் காட்டோ. எங்கள் தெருவில் எட்டு வயதுப் பையன் சாட்டையால் எழுப்பிய காட்சி அது.

அந்தக் காட்டோவின் கைவேலைதான் 'ஆங்கிரி பேர்ட்ஸ்' விளையாட்டுக்கும் அடியில் ஓடுகிறது. 2007-ல் அவர் இலவசமாக வெளியிட்ட பாக்ஸ்2டி என்ற எஞ்சினைக் கொண்டு பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2009 டிசம்பரில் அந்தப் பறவைகளைப் பறக்கவிட்டது. 2011-ல் ரோவியோ பேசிய ஒரு கூட்டத்தில் எழுந்து, எந்த எஞ்சின் என்று கேட்டு, பதிலும் வாங்கிக்கொண்டு, அப்படியானால் அதன் பெயரைப் போடலாமே என்றார் காட்டோ. நியாயமான கேள்வி.

கவட்டையில் கல் வைத்து மாங்காய்க்குக் குறி பார்த்தவர்களுக்கு ஆங்கிரி பேர்ட்ஸ் புதிதே அல்ல. இழுத்த அளவுக்கு வேகம், சாய்த்த அளவுக்கு உயரம். அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் ரெட் அலைன் 2010-ல் அந்தப் பறவையின் பாதையை அளந்து பார்த்தார். காற்றுத் தடையே இல்லை, சுத்தமான எறிபொருள் இயக்கம். பூமியின் ஈர்ப்புதான் அங்கும் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கவட்டை ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரம் வரும் என்று அவரது கணக்கு சொன்னது. பிளஸ் ஒன் இயற்பியலில் தடுமாறுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியாது.

கிருஷ்ணன்கோவிலுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதை தனி. 1984-ல் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தொடங்கியது, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. கல்லூரிப் பையன்களை நம்பி பிரவுசிங் சென்டர்கள் வந்தன. 2004-ல் வெளியான 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டை அப்படிப்பட்ட ஓர் அறையில்தான் நான் முதலில் பார்த்தேன். ஓர் இடத்தில் உயரமான மேடை, கீழே ஒரு சாய்பலகை, சுற்றிலும் சிமென்ட் கற்கள். கற்களைப் பொறுக்கிப் பலகையின் ஒரு நுனியில் அடுக்கினால் மறுநுனி தூக்கி நிற்கும், அதில் ஏறி மேடைக்குத் தாவலாம். எனக்கு ஏற்றம் நினைவுக்கு வந்தது. கிணற்றடியில் ஏற்ற மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்து சால் தண்ணீரைத் தூக்குவதும் இதே நெம்புகோல்தான். 2011 செப்டம்பர் 15 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் வந்தபோது இந்த விளையாட்டுகள் பென்டிரைவ் வழியாகச் சுற்றியிருந்த ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் 2008-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் கூ' என்பேன். பசைபோன்ற உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி கோபுரமும் பாலமும் கட்டவேண்டும். உயர உயர அது ஆடும், வளையும், தொய்யும். சவுக்குக் கம்பில் சாரம் கட்டுகிற ஆள் எங்கே குறுக்குக் கம்பு கொடுக்கவேண்டும் என்று யோசிப்பதை அந்த விளையாட்டு நம்மையும் யோசிக்கவைக்கிறது.

போன காலத்தையே உயர்த்திப் பேச எனக்கு விருப்பமில்லை. பம்பர ஆணி காலில் ஏறியவர்களும், கவட்டைக் கல் கண்ணில் பட்டவர்களும் ஊருக்கு ஊர் உண்டு. திரையில், ஈர்ப்பு குறைந்த நிலாவில் வண்டி ஓட்டிப் பார்க்கும் சந்தோஷத்தை எந்த நுங்கு வண்டியும் தரவும் முடியாது. ஆனால் கண்ணாடித் திரையில் எடை இல்லை. சாட்டை உள்ளங்கையை அறுக்கிற வலியும், மண் ஈரமாக இருந்தால் பம்பரம் தயங்குவதும் விரலுக்குத் தெரிய வழியில்லை. அதை இழப்பு என்றே சொல்வேன்.

அந்த எடையை உணர ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை ஒருமுறையாவது பக்கத்திலிருந்து பாருங்கள். அவ்வளவு எடையும் நகரத் தொடங்குவதற்கு வடத்தில் எத்தனை கை வேண்டியிருக்கிறது, நகர்ந்த பிறகு நிறுத்த எவ்வளவு பாடு! தெருமுனையில் சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை கொடுப்பவர்களைக் கவனியுங்கள். ஒரு பக்கச் சக்கரம் தயங்க மறுபக்கம் முந்துகிறது, தேர் திரும்புகிறது. ஜோடி சேராத நுங்கு வண்டி வளைந்ததும் இப்படித்தான். நிலைமம், உராய்வு, திருப்புவிசை எல்லாம் ஒரே தெருமுனையில் இருக்கின்றன. கணநேரம் தப்பினாலும் ஆபத்து என்ற பதைப்பும் இருக்கிறது. இதைவிட நல்ல பிசிக்ஸ் விளையாட்டுக்குக் கரு வேண்டுமா? பாக்ஸ்2டி இன்றும் இலவசம், கோடோ எஞ்சின் 2014 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் நிரல் எழுதப் படிக்கிற தம்பி, தங்கச்சிகளே, அந்தத் தேரை நீங்கள் திரைக்குக் கொண்டுவாருங்கள். முதலில் முட்டுக்கட்டை போடுகிற ஒருவரிடம் போய்ப் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.