கூப்பிடு தூரத்தில் ஒரு யுத்தகளம்

'சர்வர்' என்றதும் நமக்கு ஞாபகம் வருகிறவர், கையில் நாலு தம்ளர் காப்பியுடன் மேஜைக்கு மேஜை ஓடுகிற ஹோட்டல் சர்வர்தான். ஆனால் வீட்டுப் பிள்ளை, "இன்றைக்கு சர்வர் சரியில்லை" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், காப்பி ஆறிப் போயிற்று என்று அர்த்தமில்லை. அவன் சொல்வது கம்ப்யூட்டர் சர்வரை. யோசித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் உத்தியோகம் ஒன்றேதான். பத்து மேஜைக்காரர்கள் சொல்வதையும் காதில் வாங்கிக்கொண்டு, யாருக்கு என்ன என்று தீர்மானித்து, உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் ரகளைதான்!

பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டில் இந்த சர்வர்தான் நடுவர். 'கௌண்டர் ஸ்ட்ரைக்' என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். 1999-ல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள், 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டைத் திருத்தி அமைத்து இதை உண்டாக்கினார்கள். 2000-ல் வால்வ் கம்பெனி இதைக் கடைக்குக் கொண்டு வந்தது. ஒரு கட்சி வெடிகுண்டு வைக்கப் பார்க்கும்; மற்றக் கட்சி தடுக்கும். ஆடுகிறவர்கள் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். பையன் பொத்தானை அமுக்கியதும், 'நான் சுட்டேன்' என்ற சேதி சர்வருக்குப் போகிறது. பட்டதா, படவில்லையா என்று சர்வர் தீர்ப்புச் சொல்கிறது. சேதி போய் வர ஆகும் நேரத்துக்குத்தான் 'பிங்' என்று பெயர்.

தூரம் என்ற எதிரி

இந்தப் பிங்கின் கொடுமையை அனுபவித்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். சிட்னிக்கும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே சுமார் 12,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். கணக்குப் போடுங்கள்: ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால், போக 60 கூறு, வர 60 கூறு. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை; வழியில் இறங்கி ஏறும் இடங்களும் உண்டு. ஆகவே நடைமுறையில் 150-க்கு மேலேயே ஆகிவிடும்.

"அதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று?" என்று கேட்பீர்கள். சுவருக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்துகொண்ட பிறகும் சாவு வந்தால் கோபம் வராதா? தூரத்தில் இருப்பவனுக்கும் நியாயம் கிடைக்கட்டும் என்று, சர்வர் காலத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, அவன் சுட்டபோது திரையில் என்ன கண்டான் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. அவன் கண்டபோது இவன் சுவருக்கு வெளியே இருந்தான். எனவே இவன் காலி! இருவரும் ஒரே ஊர் சர்வரில் ஆடினால் இந்தத் தகராறு வெகுவாகக் குறைந்துவிடும்.

தூரத்துக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. அது குடும்பத் தலைவிக்கு உடனே புரியும். 2000-க்குப் பிறகு வெகுகாலம் அந்த நாட்டில் இன்டர்நெட்டை அளந்துதான் ஊற்றினார்கள். மாதத்துக்கு இவ்வளவு என்ற அளவைத் தாண்டினால் கூடுதல் காசு, அல்லது ஆமை வேகம். கடல் கடந்த கேபிளுக்குக் கம்பெனிகள் பெரும் வாடகை கொடுத்து வந்தன என்பதே அதற்கு முக்கியக் காரணம்.

உள்ளூர்க் கம்பெனியின் யுக்தி

இங்கேதான் உள்ளூர்க் கம்பெனிகளுக்கு ஒரு நல்ல யோசனை உதித்தது. விளையாட்டு சர்வரைத் தங்கள் கட்டடத்திலேயே வைத்துவிட்டால்? சேதி கடலைத் தாண்ட வேண்டாம், பிங் சரியும். கேபிள் வாடகையும் இல்லாததால், அந்த உபயோகத்தை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிடலாம். அடிலெய்டில் 1991-ல் சைமன் ஹாக்கெட் தொடங்கிய 'இன்டர்நோட்', பெர்த்தில் 1993-ல் மைக்கேல் மலோன் தம் பெற்றோர் வீட்டுக் கார் ஷெட்டில் தொடங்கிய 'ஐஐநெட்', நாட்டின் பெரிய டெலிபோன் கம்பெனியான டெல்ஸ்ட்ராவின் 'கேம் அரீனா' எல்லாம் இந்த வழியில் வந்தவையே. பெர்த் பையன்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். அவர்களுக்குச் சிட்னியே 3,000 கிலோமீட்டருக்கு மேல் அல்லவா?

வேகத்துக்காக வந்தவர்களுக்கு வேறொன்றும் கிடைத்தது. தினம் சாயங்காலம் அதே சர்வர், அதே பெயர்கள். கௌண்டர் ஸ்ட்ரைக்கில் சுடப்பட்டவர் அடுத்த சுற்று வரையில் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த ஓய்வில் பரீட்சை, கிரிக்கெட், மழை என்று அரட்டை. கோயில் திண்ணை மாதிரி ஒரு இடம் உருவாகிவிட்டது.

திண்ணையில் பெரியவர் ஒருவர் இருப்பதுபோல், சர்வரிலும் 'அட்மின்' என்று ஒருவர் இருப்பார். பெண் குரல் கேட்டதும் வம்பு பேசுகிற பேர்வழிகள் எந்த நாட்டிலும் உண்டு. துப்பாக்கி விளையாட்டுக்கு வரும் பெண்கள் பலர், அந்தப் பேச்சுக்கு அஞ்சியே வாயைத் திறக்காமல் ஆடுகிறார்கள். உள்ளூர் சர்வரில் முறையிட ஓர் ஆள் உண்டு. அவர் வம்புக்காரனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம். எல்லா அட்மின்களும் தர்மராஜாக்கள் என்று சொல்லவில்லை. ஆனாலும் நாளைக்கும் அதே ஆட்களின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற கூச்சம் பலர் நாக்கைக் கட்டிப் போட்டது.

பிறகு காலம் மாறிற்று. அளவில்லாத இன்டர்நெட் சகஜமாயிற்று. 'கணக்கில் சேராது' என்ற சலுகைக்கு மதிப்புப் போயிற்று. விளையாட்டுக் கம்பெனிகளே சர்வர் வைத்து, முன்பின் தெரியாதவர்களைத் தாமே ஜோடி சேர்க்கத் தொடங்கின. இன்டர்நோட்டை 2012-ல் ஐஐநெட் வாங்கிற்று. ஐஐநெட்டை 2015-ல் டிபிஜி வாங்கிற்று. கேம் அரீனா 2014-ல் மூடப்பட்டது. ஆட எதிராளி நொடியில் கிடைக்கிறான். ஆட்டம் முடிந்ததும் மறைந்து போகிறான். வம்பு பேசியவனை மறுபடி பார்க்கப் போவதுமில்லை. அவனுக்குக் கூச்சம் எங்கிருந்து வரும்?

தாய்மார்களுக்கு மூன்று கேள்விகள்

துப்பாக்கியைக் கண்டு மட்டும் பதறாமல், பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சர்வர் எங்கே இருக்கிறது? கூட ஆடுகிறவர்கள் தெரிந்தவர்களா? தப்பு நடந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? முதல் கேள்வி ஆட்டத்தின் நியாயத்தைச் சொல்லும். மற்ற இரண்டும் உங்கள் பிள்ளை எப்படிப்பட்ட இடத்தில் சாயங்காலத்தைக் கழிக்கிறான், அல்லது கழிக்கிறாள், என்பதைச் சொல்லும்.

இன்னொரு சங்கதி. இந்த ஆட்டத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பாதியில் எழுந்தால் கூட்டாளிகள் தோற்றுப் போவார்கள். ஆகவே சாப்பிடக் கூப்பிடுவதானால், அவன் சுடப்பட்டு விழுந்து கிடக்கும் சமயம் பார்த்துக் கூப்பிடுங்கள். எழுந்து வருவான்!